ஆம்ப்ளிஃபயர் கிலோ என்ன விலை?

வேலூர் லாங் பஜாரில் எதையும் எடை போட்டுத்தான் நம்புவார்கள். புளி, வெல்லம், காய்ந்த மிளகாய், பழைய பித்தளை அண்டா, எதுவானாலும் தராசில் ஏறி இறங்கினால்தான் அதற்கு மரியாதை. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் தள்ளி ஆம்பூருக்குப் போனால் கணக்கே வேறு. அங்கே தோல். தோலுக்குச் சதுர அடிதான் பேச்சு. வளைவு, நெளிவு, கால் இருந்த இடம், வால் இருந்த இடம் எல்லாவற்றையும் மெஷின் அளந்து கூட்டிச் சொல்லும். அதைத் தோலின் பின்பக்கத்தில் எழுதிவிடுவார்கள்.

நான் பிறந்தது லாங் பஜார், பெண் எடுத்தது ஆம்பூர். ஆகவே எங்கள் வீட்டுக்கு எந்தப் பொருள் வந்தாலும் இரண்டு கணக்கும் கூடத்தில் நின்று மோதிக்கொள்ளும். மச்சான் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறார். சென்னையில் தங்கித் தோல் ரசாயன வியாபாரம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குக் கிளம்பியபோது, அவரிடமிருந்து ஒரு ஜோடி ஸ்பீக்கரை அடிமாட்டு விலைக்குப் பேசி முடித்துவிட்டார். ஆம்பூரில் வைக்க இடமில்லை என்று எங்கள் மாடிக்கு அனுப்பிவிட்டார். அவர் வீட்டில் எட்டு அறை. இடமில்லாமல் போனது எதனால் என்பது என் மனைவிக்கும் அவருடைய அண்ணிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

வந்து இறங்கியவை எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர்கள். ஆள் உயரம், அந்தப் பக்கம் நிற்பவர் இந்தப் பக்கம் தெரியும். எதிர்க் கடைக்காரர் பார்த்துவிட்டு, "கொசுவலைக் கதவா? நல்ல வேலைப்பாடு. என்ன, கீல்தான் காணோம்" என்றார். தப்பில்லை. சாதாரண ஸ்பீக்கரில் ஒரு பெட்டி இருக்கும், காகிதக் கூம்பு இருக்கும், பின்னால் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். இதன் பேனலில் அதெல்லாம் கிடையாது. துளை போட்ட இரண்டு உலோகத் தகடுகள், நடுவில் இழுத்துக் கட்டிய ஒரு பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான். படலத்தின் மேல் சில ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் எப்போதும் ஏறி நிற்கும். பாட்டின் சிக்னல் ஒரு டிரான்ஸ்பார்மர் வழியாகப் பெரிதாகித் தகடுகளுக்குப் போகும். ஒரு தகடு இழுக்கும், மறு தகடு தள்ளும், படலம் ஆடும், பாட்டு வரும்.

மச்சான் விடவில்லை. தோல் கனம் பார்க்கும் கேஜைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஷூவின் மேல்தோல் சாதாரணமாக 1.2 மில்லிமீட்டரிலிருந்து 1.4 வரை இருக்கும். இந்தப் படலம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான் என்று நான் சொன்னதும் கேஜை மெதுவாகப் பைக்குள் வைத்தார். "மாப்ளே, இந்தக் கனத்துல ஒரு தோலை அனுப்பினா பையர் கன்டெய்னரோட திருப்பி அனுப்புவான்" என்றார். ஆனால் பேனலின் அகலத்தையும் உயரத்தையும் கையால் அளந்து பார்த்து, "சதுர அடி நல்லா வந்திருக்கு" என்று திருப்திப்பட்டார். அந்த ஒரு விஷயத்தில் அவர் ஆம்பூர்க்காரர் என்பதை நிரூபித்துவிட்டார். இந்த வகை ஸ்பீக்கரில் பேனலின் பரப்புதான் காற்றைத் தள்ளுகிறது. சதுர அடி குறைந்தால் கீழ்ச்சுருதி இளைத்துப் போகும். அதனால்தான் பல கம்பெனிகள் அடியில் ஒரு சாதாரண வூஃபரையும் சேர்த்துக் கலப்பினமாகச் செய்கின்றன. எங்களுக்கு வாய்த்ததும் கலப்பினம்தான்.

வேலூருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அதில் பெட்டி இல்லாத ஸ்பீக்கரையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சாமி இல்லாத கோயில் என்ற பேச்சு 1981-லேயே முடிந்துபோனது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பிவந்து உட்கார்ந்தார். அதே 1981-இல்தான் இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பீட்டர் வாக்கர் என்பவர் தன்னுடைய குவாட் கம்பெனியிலிருந்து ஈஎஸ்எல்-63 என்ற ஸ்பீக்கரை விற்பனைக்கு விட்டார். பெயரில் உள்ள 63, அவர் வேலையை ஆரம்பித்த வருஷம். பதினெட்டு வருஷம் ஒரு ஸ்பீக்கரையே தட்டிக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நம் ஊரில் மேம்பாலம்தான் அவ்வளவு நாள் இழுக்கும்.

வாக்கரின் முதல் எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் 1957-இல் கடைக்கு வந்தது. அதை ஓட்ட அவர் வைத்திருந்தது வால்வு போட்ட குவாட் 2 ஆம்ப்ளிஃபயர், வெறும் 15 வாட்ஸ். இந்தப் பதினைந்து வாட்ஸ் கதையை எங்கள் தெருவில் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருமுனையில் வைக்கும் பெட்டியில் ஒரு பெட்டியே ஐந்நூறு வாட்ஸ்.

ஸ்பீக்கர் வந்தாகிவிட்டது, ஓட்டுவதற்கு என்ன வாங்குவது? மச்சானுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. ஹோம் தியேட்டர் என்றால் ஏவி ரிசீவர். பளபளவென்று ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். ஏழு சேனல், சேனலுக்கு நூறு வாட்ஸ், முகப்பில் நீல விளக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆம்பூர் பிரியாணி, கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி எல்லாம் முடித்துக் குடும்பத்தோடு படம் பார்க்க உட்கார்ந்தோம். வசனம் எல்லாம் தேன். ஜேசுதாஸ் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இடைவேளைக்கு முன்னால் சண்டை. ஹீரோ ஒருவனைத் தூக்கிக் கண்ணாடி அலமாரி மேல் எறிந்தான். கண்ணாடி சிதறியது, டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் நிசப்தம். ரிசீவரின் முகப்பில் 'ப்ரொடெக்ட்' என்று எழுத்து ஓடியது.

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அடிபட்டது வில்லன். மயக்கம் போட்டது உங்க பொட்டியா?"

காரணம் எளிது. எலக்ட்ரோஸ்டேடிக் பேனல் என்பது மின்சாரத்தின் கண்ணுக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர். சுருதி ஏற ஏற அதன் மின்தடை இறங்கிக்கொண்டே போகும். ஸ்பீக்கரின் மேல் 4 ஓம் என்று போட்டிருப்பார்கள்; உச்ச ஸ்தாயியில், 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம், சில மாடல்களில் அது 1 ஓமுக்கும் கீழே போய்விடும். அமெரிக்காவின் மார்ட்டின் லோகன் கம்பெனி இதை ஒளிக்காமல் விவரப் பட்டியலிலேயே அச்சடிக்கிறது. தடை குறைந்தால் ஆம்ப்ளிஃபயரிடமிருந்து கரண்ட் பீறிட்டுக் கிளம்ப வேண்டும். கண்ணாடி உடைவது, ஜால்ரா, சலங்கை எல்லாம் அந்த மேல் ஸ்தாயியில்தான் வருகின்றன. 8 ஓமையோ 6 ஓமையோ மனதில் வைத்துச் செய்த ரிசீவர், ஷார்ட் சர்க்யூட்டோ என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறது. அதனுடைய பயமும் நியாயமானது, நம்முடைய ஸ்பீக்கரும் நியாயமானது. பொருத்தம் பார்க்காமல் பந்தியில் உட்கார வைத்தது மச்சான். ரிசீவரின் மெனுவில் '4 ஓம்' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. அதைப் போட்டால் பலம் கூடும் என்று அவர் நினைத்தார். பெரும்பாலும் அது உள்ளே வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கிற ஏற்பாடு. சோனி ஆளுக்குச் சுமையைக் குறைப்பதால் அவன் பயில்வான் ஆகிவிடுவதில்லை.

அடுத்து வழக்கம்போல் சென்னை ரிச்சி தெரு. அங்கே எந்தக் கடையில் நுழைந்தாலும் முதல் கேள்வி, "எத்தனை வாட்ஸ் சார் வேணும்?" ஓம் என்று நாங்கள் ஆரம்பித்தால், பின்னால் நிற்கும் அடுத்த கஸ்டமரைப் பார்த்துவிடுகிறார்கள். வாட்ஸ் என்பது நம் நாட்டில் நீண்ட காலமாக இலக்கியத்தின் ஒரு பிரிவு. டூ-இன்-ஒன் காலத்தில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்ஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அதன் அடாப்டரில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கும். பெருக்கினால் 12 வாட்ஸ். மீதி 988 எங்கிருந்து வந்தது என்று கேட்ட பிள்ளைகள்தான் பிற்பாடு இன்ஜினீயர் ஆனார்கள். அமெரிக்காவில் இந்தப் புளுகு தாங்காமல் 1974-இலேயே அரசாங்கம் ஆம்ப்ளிஃபயர் விளம்பரத்துக்கென்று விதி போட்டது.

உண்மையான வாட்ஸும் நாம் நினைக்கிற அளவுக்கு ஒன்றும் செய்வதில்லை. நூறு வாட்ஸை இருநூறு ஆக்கினால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'ஆமாம், கொஞ்சம் கூடியிருக்கு' என்று தோன்றும் அளவு. சத்தம் இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமென்றால் சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். எங்களுக்கு வேண்டியது சத்தமே இல்லை. தடை 8 ஓமிலிருந்து 4-க்கும், 4-இலிருந்து 2-க்கும் இறங்கும்போது கூடவே இறங்கி வரத் துணிச்சலுள்ள ஒரு ஆம்ப்ளிஃபயர்தான். கணக்குப்படி 8 ஓமில் 100 வாட்ஸ் தருவது 4 ஓமில் 200, 2 ஓமில் 400 தர வேண்டும். அப்படியே தருவது அபூர்வம். அந்தப் பக்கமாவது நடக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

ஆளாளுக்கு யோசனை. ஒரு கடையில் அஹூஜா வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 1940-இலிருந்து இருக்கும் கம்பெனி, கோயில், கூட்டம், கல்யாணம் என்று நம் காதுகளை வளர்த்ததே அதுதான். கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம், மைதானத்துக்குச் செய்தது படுக்கையறைக்கு அடுத்த கூடத்தில் எதற்கு? வால்வு ரசிகர் ஒருவர் வால்வுதான் தெய்வம் என்றார். தெய்வம்தான், ஆனால் பல வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் வெளியீட்டுத் தடை அதிகம், ஸ்பீக்கரின் தடை அடிமட்டத்துக்குப் போகும்போது மேல் ஸ்தாயி மங்கிவிடும். சிலருக்கு அந்த மங்கல்தான் பிடிக்கிறது, அது அவர்கள் காது. கிளாஸ் ஏ என்ற வகையைப் பார்த்தோம். அது பாடினாலும் பாடாவிட்டாலும் முழு மின்சாரத்தையும் சாப்பிட்டுச் சூடாகக் கக்கிக்கொண்டிருக்கும். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் வீட்டுக்குள் காசு கொடுத்து அடுப்பு வைக்க எந்த மனைவி சம்மதிப்பாள்? கிளாஸ் டி கையடக்கம், குளிர்ச்சி, கரண்ட் பில் குறைவு. நல்லவை இருக்கின்றன. ஆனால் அதன் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஃபில்டருக்குக் கெப்பாசிட்டர் பாரம் சில சமயம் ஒத்துக்கொள்ளாது. நம் ஸ்பீக்கரோடு சேர்த்துக் கேட்காமல் வாங்கக் கூடாது.

கடைசியில் பழைய டிரான்ஸிஸ்டர் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று, இரண்டே சேனல், கறுப்புப் பெட்டி, விளக்குகூடக் கிடையாது, மச்சானின் நண்பர் ஒருவரிடமிருந்து வந்தது. ஆட்டோவிலிருந்து இறக்க எங்களால் முடியவில்லை. கீழே மண்டியில் மூட்டை தூக்கும் பெரியவரைக் கூப்பிட்டோம். நாற்பது வருஷமாகத் தோளில் சரக்கு பார்த்தவர். முதலில் திருப்பிக் கொடுக்கக் கட்டி வைத்திருந்த ரிசீவரை ஒரு கையால் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தார். பிறகு கறுப்புப் பெட்டியைக் குனிந்து தூக்கினார். பாதி தூக்கியபோதே முகம் மாறியது.

"அதுல வெறும் அட்டை தான் கீது நைனா. சரக்கு இதுல கீது."

மண்டி எடை மெஷினில் வைத்தார்கள். ஏழு சேனல் ரிசீவர் பத்து கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. இரண்டு சேனல் கறுப்புப் பெட்டி முப்பது கிலோவைத் தாண்டியது. ரிச்சி தெரு முழுக்கச் சுற்றியும் கிடைக்காத தொழில்நுட்ப ஆலோசனை எங்கள் வாசலிலேயே கிடைத்தது. பெரிய டிரான்ஸ்பார்மருக்கு இரும்பும் செம்பும் வேண்டும், சூட்டைக் கடத்த அலுமினியச் சட்டங்கள் வேண்டும், கரண்டைச் சேமித்து வைக்கப் பருத்த கெப்பாசிட்டர்கள் வேண்டும். இவற்றில் எதையும் ஸ்டிக்கர் ஒட்டிக் காட்ட முடியாது. கிளாஸ் டி-யை மட்டும் விதிவிலக்காக ஒதுக்கிவிட்டால், லாங் பஜார் கணக்கு ஏறக்குறைய பொருந்திவருகிறது.

ஆனால் ரிசீவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. படத்தின் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்க அது வேண்டும். நல்லவேளையாகப் பின்னால் 'ப்ரீ-அவுட்' துளைகள் இருந்தன. அங்கிருந்து கறுப்புப் பெட்டிக்கு ஒயர், கறுப்புப் பெட்டியிலிருந்து முன் ஸ்பீக்கர்களுக்கு. நடுவிலும் பின்னாலும் இருக்கும் சாதாரண ஸ்பீக்கர்களை ரிசீவரே பார்த்துக்கொள்ளும். முதல் தடவை சுவிட்சைப் போட்டபோது டிரான்ஸ்பார்மர் இழுத்த இழுப்பில் மாடி ஃபியூஸோடு கீழே மண்டியின் ஃபியூஸும் போய்விட்டது. மிளகாய் நிறுத்துக்கொண்டிருந்தவர் பாதி எடையில் நின்றார். இப்போது அதற்குத் தனி லைன் போட்டிருக்கிறோம். கண்ணாடி அலமாரி தினமும் உடைகிறது, ஒன்றும் ஆகவில்லை.

மிளகாய் என்றதும் ஞாபகம் வருகிறது. ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறி நிற்கும் படலம் தூசியை வா வா என்று அழைக்கும். கீழே மிளகாய் மண்டி, பக்கத்தில் மஞ்சள். ஒரு மாதத்தில் பேனல் இரண்டும் செம்மஞ்சள் நிறமாகிவிட்டன. அருகில் போய்க் கேட்ட மாமியாருக்குத் தும்மல். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே ஏறிய மின்சாரம் வடியச் சில மணி நேரம் விட்டு, பிரஷ் வைத்த வாக்யூம் கிளீனரால் மெதுவாக இழுக்க வேண்டும். ஈரத்துணி கூடவே கூடாது. இன்னொரு தொல்லை, இந்த ஸ்பீக்கர் முன்னால் பாடுகிற அளவு பின்னாலும் பாடும். சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூடம் பத்தடி அகலம். மூன்றடி விட்டு வைத்த பிறகு சாப்பாட்டு மேஜை மொட்டை மாடிக்குப் போய்விட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை வாட்ஸ் என்று கேட்காதீர்கள், 2 ஓமில் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண் அச்சில் இல்லையென்றால் கடைக்காரர் வாயில் வருவதை நம்ப வேண்டாம். ரிசீவரில் ப்ரீ-அவுட் உண்டா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பழைய குவாட் 1957 மாடல் கிடைத்தால் மட்டும் இந்த ஆலோசனையைத் தலைகீழாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வோல்டேஜ் அளவுக்கு மீறினால் படலத்தில் பொறி பறந்து ஓட்டை விழும், சின்ன ஆம்ப்ளிஃபயரே போதும். மற்றபடி ஸ்பீக்கரைச் சதுர அடியில் பாருங்கள், ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் பாருங்கள். கடைக்குத் தனியாகப் போகாதீர்கள்.