மோனிகா போட்டுக்கொடுத்த கதை

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி மீது இரவில் குண்டு போடப் போன பிரிட்டிஷ் விமானங்களுக்கு முதுகில் கண் கிடையாது. வாலில் ஒருவர் துப்பாக்கியோடு விறைத்துப்போய் உட்கார்ந்திருப்பார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டு. அவருக்கு ஒத்தாசையாக வாலில் ஒரு குட்டி ரேடாரை மாட்டினார்கள். பெயர் மோனிகா. பின்னால் ஏதாவது நெருங்கினால் காதில் ‘டிக் டிக்’ என்று சொல்லும்.

சொன்னது. ஓயாமல் சொன்னது. நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒரே கூட்டமாகப் போகும்போது, பின்னால் வருவது சொந்தக்காரனா, சுட வருபவனா என்று மோனிகா பேதம் பார்க்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய வினை வேறு. ரேடார் என்றால் அலையை அனுப்பி, எதிரொலிக்குக் காத்திருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் எதிரொலி பதினாறில் ஒரு பங்காகச் சுருங்கும். ஆனால் எதிரே இருப்பவன் காதில் விழுவது ஒருவழி அலை. அது நாலில் ஒரு பங்காகத்தான் குறையும். டார்ச் அடித்துக்கொண்டு தோப்பில் இளநீர்த் திருடனைத் தேடுகிற காவல்காரரைத் திருடன்தான் முதலில் பார்ப்பான்.

ஜெர்மன்காரர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். ஃபிளென்ஸ்புர்க் என்று ஒரு கருவி செய்தார்கள். அது ஒரு வார்த்தை பேசாது. மோனிகா பேசுவதை மட்டும் கேட்கும். இரவுப்போர் விமானங்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு நேராக வாலுக்குப் பின்னால் வந்து நின்றன. பிரிட்டிஷாருக்கோ சந்தேகமே வரவில்லை.

1944 ஜூலை 13 அதிகாலையில் ஒரு ஜெர்மன் யூ-88 விமானம் இங்கிலாந்தின் வுட்பிரிட்ஜ் தளத்தில் சமர்த்தாக வந்து இறங்கியது. அனுபவமில்லாத குழு. திசைகாட்டியை நேர் எதிராகப் பிடித்துப் பறந்து, ஜெர்மனிக்கு வந்துவிட்டதாக நினைத்துவிட்டார்கள். உள்ளே ஃபிளென்ஸ்புர்க். பிரிட்டிஷார் அதைப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள், முகம் வெளுத்தது, மோனிகாவைக் கழற்றி எறிந்தார்கள். உளவுத்துறை கண்டுபிடிக்காததை வழி தவறிய மூன்று பேர் வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜெர்மன்காரர்களைப் பாராட்டலாம் என்றால் அவர்களுடைய கடற்படை விடவில்லை. நீர்மூழ்கிகளில் மெட்டாக்ஸ் என்ற மௌனமான கேட்புக்கருவி இருந்தது. ஆன்டெனா ஒரு மரச்சிலுவை. மாலுமி கையால் திருப்ப வேண்டும், முங்கும் முன் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் 10 சென்டிமீட்டர் ரேடாருக்கு மாறியதும் மெட்டாக்ஸுக்குக் காது கேட்காமல் போனது. அந்த நேரம் பிடிபட்ட பிரிட்டிஷ் விமானி ஒருவர், “உங்கள் மெட்டாக்ஸ் கசியும் அலையை வைத்துத்தான் வருகிறோம்” என்று அளந்துவிட்டார். 1943 ஆகஸ்டில் கருவியை அணைத்துவிட்டார்கள். வாயாடியைப் பிரிட்டிஷார் நம்பினார்கள், ஊமையை ஜெர்மன்காரர்கள் சந்தேகித்தார்கள். யுத்தத்தை நடத்துவது மேதைகள் என்று யார் சொன்னது?

பேசாமல் கேட்பதே மேல் என்ற பாடம் அமெரிக்கப் போர் விமானங்களுக்குப் போய்ச்சேர வியட்நாம் போர் வரை ஆனது. 1965 ஜூலை 24 அன்று சோவியத் எஸ்ஏ-2 ஏவுகணை ஒன்று அமெரிக்க எஃப்-4 விமானத்தை வீழ்த்தியது. அவசர அவசரமாக இரண்டு இருக்கை கொண்ட எஃப்-100 விமானங்களில் கேட்புக்கருவி பொருத்தினார்கள். பல பக்கம் ஆன்டெனா. எதில் அலை பலமாக விழுகிறதோ அந்தப் பக்கம் வட்டத்திரையில் ஒரு கோடு நீளும், ரேடாரின் துடிப்பு காதில் கரகரக்கும். இன்றைய போர் விமானங்களிலும் அடிப்படை இதுதான். எந்த ரேடார், தேடுகிறதா, குறிவைத்துவிட்டதா என்பதைக் கணினி பிரித்துச் சொல்கிறது.

கருவி சரி, வேலைதான் வில்லங்கம். ஏவுகணைத் தளத்துக்கு முன்னால் போய்த் தலையைக் காட்ட வேண்டும். அது ரேடாரைத் திருப்பியதும் அந்த அலையைப் பிடித்துப் போய் அடிக்க வேண்டும். திட்டத்தைக் கேட்ட ஜாக் டொனோவன் என்ற மின்னணுப் போர் அதிகாரி, விளையாடுகிறீர்களா என்ற பொருளில் ஒரு கெட்டவார்த்தை சொன்னார். சொல்லிவிட்டுப் போகவும் செய்தார். 1965 டிசம்பர் 22 அன்று முதல் தளத்தை அழித்த விமானத்தில் பின்னிருக்கை அவருடையது. அவர் சொன்னதன் முதலெழுத்துகளை இந்த வேலையைச் செய்த படைப்பிரிவினர் சீருடைச் சின்னத்தில் தைத்துக்கொண்டார்கள். முழு வாக்கியத்தைக் குடும்பப் பத்திரிகையில் அச்சிட முடியாது.