எட்டு வரி, மூன்று வேலை

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் 1885-இல் எழுந்தது. வெளியிலிருந்து எண்ணினால் எட்டு மாடி, உள்ளே மூன்றுதான். பில் எழுதும் கலை இங்குதான் பிறந்திருக்க வேண்டும்.

நடுரோட்டில் நின்றுபோன என் மைவி காருக்குப் பட்டறைப் போர்மேன் பில்லில் எட்டு வரி எழுதினார். நான் கண்டது மூன்று: பேட்டரி, பெல்ட், அவர் குடித்த தே தாரிக்.

"பழைய சாமான் எங்கண்ணே?"

"அந்தக் குப்பை உங்களுக்கு எதுக்கு தம்பி?"

என்ன கரிசனம்! மறுநாள் வண்டி அதே இடத்தில் நின்றது. இடம்கூடப் பிசகாத கைத்திறன்!

பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம்; கட்டணம் 5 வெள்ளி. அங்கே போவதற்காக முறையான ரசீது கேட்டேன். சிரித்தபடி ஒன்பதாவது வரி எழுதினார்: "ரசீதுக் கூலி, 5 வெள்ளி."

கட்டிவிட்டேன். தீர்ப்பாயத்துக்கு வைத்திருந்த நோட்டு அது.