ஹாரன் அடிங்க சார்!

எங்கள் சென்னைக் குடியிருப்பில் ஏதாவது ஒரு கார் செல்ஃப் எடுக்காமல் 'டிக்' என்று மட்டும் சொல்லி நின்றால் போதும், தண்ணீர் லாரிக்குக்கூட இறங்கி வராதவர்கள் எல்லாம் இறங்கி வந்துவிடுவார்கள். போன மாதம் அந்த பாக்கியம் என் காருக்கு.

முதலில் வந்தவர் சங்கத் தலைவர். "ஹாரன் அடிங்க சார்." அடித்தேன். "சத்தம் கணீர்னு வருதே! பேட்டரி நல்லா இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் போச்சு."

ஹாரன் சில ஆம்பியரிலேயே கத்திவிடும். ஸ்டார்ட்டருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும். சொல்லியிருக்கலாம். ஆனால் பார்க்கிங் இடம் ஒதுக்குகிறவரிடம் யார் ஆம்பியர் பேசுவது?

அடுத்தவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தார். "செகண்ட் கியர்ல போடுங்க, தள்ளிடலாம்." வண்டி ஆட்டோமேட்டிக் என்றதும் அவர் முகம் தொங்கிப்போனது. "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

பிறகு மெக்கானிக். ஸ்குரூடிரைவரை இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிட்டு, "பவர் பாருங்க சார்!" என்றார். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கசியும், ஒரு பொறியிலேயே வெடிக்கலாம் என்பது தெரிந்த காரணத்தால், அவர் திறமையைத் தூணுக்குப் பின்னால் நின்றே பாராட்டினேன்.

நான் மல்டிமீட்டர் கட்சி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதை மட்டும் நம்பிவிடவும் கூடாது. பந்தியில் "எல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சாம்பார் வாளியைக் கையில் கொடுத்ததும் காணாமல் போகும் சித்தப்பா மாதிரி சில பேட்டரிகள் உண்டு. அதனால் ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. என்னுடையது 7-க்கு இறங்கியது. டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்தாலே சில வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். என்னுடையதில் அதுவும் இல்லை. ஜம்ப் ஸ்டார்ட் செய்த பிறகு 14.1 காட்டியது. 13.8-இலிருந்து 14.4-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் மேல் குற்றமில்லை. அது பழுதாக இருந்தால் புது பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும்.

கடையில் முதல் கேள்வி, "எக்ஸைடா சார், அமரானா?" டீக்கடையில் அரை நாள் ஓட்டக்கூடிய விவாதம் அது. நான் கேட்டது, எந்த மாதம் தயாரித்தது என்று. கடைக்காரர் என்னை வருமானவரி அதிகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அலமாரியில் சும்மா கிடந்தாலும் பேட்டரி தானாக இறங்கும், ஈயத் தகட்டில் சல்பேட் படியும். தூசி தட்டி எடுத்து வந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து வந்ததில் பிளஸ், மைனஸ் இடம் மாறியிருந்தது. "கேபிளை இழுத்துக்கலாம் சார்" என்றார். இழுப்பதற்கு அது என்ன தேரா? கார் புத்தகத்தில் போட்டிருந்த அதே 35 ஆம்பியர்-அவர், அதே பக்கம் டெர்மினல் என்று மூன்றாவதாக வந்ததை வாங்கினேன். பழையதைக் கொடுத்ததற்கு, அதிலுள்ள ஈயத்துக்காக, விலையில் கழித்தார்கள்.

வாரண்டி மாதக் கணக்கைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். அதில் எத்தனை மாதம் இலவசமாக மாற்றித் தருவது, எத்தனை மாதம் வெறும் தள்ளுபடி என்று பிரித்துக் கேளுங்கள். சென்னை வெயிலில் பேட்டரி மூன்று நான்கு வருஷம் தாங்கினாலே பெரிது. கார்டில் தேதியும் கடை முத்திரையும் விழாமல் மட்டும் கடைப் படியை விட்டு இறங்காதீர்கள்.