தாத்தா வெள்ளை, சார்!

பாம்பின் கால் பாம்பறியும் என்று சொல்லிவைத்த நம் முன்னோர், பாம்பின் தாத்தாவை யார் அறிவார் என்று மட்டும் யோசிக்கவில்லை. அமெரிக்காவில் அந்த ஒரு கேள்வியை வைத்தே பல பேர் கல்லா கட்டினார்கள்.

1953இல் வட கரோலினாவில் ஒரு சோளப் பாம்பு பிடிபட்டது. ஆண். உடம்பில் கறுப்பு என்பதே இல்லை, கண் சிவப்பு. ஜார்ஜியா மாநிலத்தின் வால்டோஸ்டாவில் பெர்னார்ட் பெக்டெல் என்றொரு தோல் டாக்டர் இருந்தார். பகலெல்லாம் மனிதத் தோல், மிச்ச நேரத்தில் பாம்புத் தோல். அந்த ஆணுக்குச் சாதாரணப் பெண் பாம்பு ஒன்றைக் கட்டிவைத்தார். குஞ்சுகள் அத்தனையும் சாதாரணம். வேறு யாராக இருந்தாலும் பெண் வீட்டார் மேல் பழியைப் போட்டிருப்பார்கள். டாக்டர் மெண்டலைப் படித்தவர். குஞ்சுகளை வளர்த்து, அண்ணனுக்கும் தங்கைக்குமே முடிச்சுப் போட்டார். (பாம்புக்கு முறை பார்க்கும் வழக்கமில்லை.) 1961இல் முட்டை பொரிந்தபோது, தாத்தாவின் சிவந்த கண்ணோடு பேரப்பிள்ளைகள் சில எட்டிப் பார்த்தன.

நிறமிழக்கும் மரபணு ஒரு பிரதி மட்டும் இருந்தால் வெளியே தெரியாது, இரண்டு சேர்ந்தால்தான் தெரியும். விஞ்ஞானிகள் இதில் மெண்டலைக் கண்டார்கள். வியாபாரிகளின் காதில் ‘வெளியே தெரியாது’ என்பது மட்டும் விழுந்தது.

அடுத்து மாட்டியது பந்து மலைப்பாம்பு. ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. பெனின் நாட்டு விதா நகரில் மலைப்பாம்புக்குக் கோயிலே உண்டு. பயந்தால் பந்தாகச் சுருண்டு தலையை உள்ளே வைத்துக்கொள்ளும் பரம சாது. 1992இல் பாப் கிளார்க் என்ற அமெரிக்கர் அதன் நிறமிழந்த ரகமான அல்பினோவைக் கூண்டிலேயே பிறக்கவைத்துக் காட்டினார். அவ்வளவுதான், தெய்வம் பேக்கரிக்குப் போய்விட்டது. பட்டர், சினமன், பனானா, டாஃபி... இவையெல்லாம் பாம்பு நிறங்களின் பெயர்கள். ஒரே நிறத்தை ஒருவர் பனானா என்றும் இன்னொருவர் கோரல் குளோ என்றும் விற்றார்கள்.

பார்வைக்கு நிறமுள்ள பாம்பை விற்பதில் என்ன சாமர்த்தியம்? சாதாரணப் பாம்பைக் காட்டி, “இது ஹெட், சார். தாத்தா வெள்ளை. ரத்தத்தில் இருக்கிறது” என்று கூடுதல் விலை வாங்குவதல்லவா தொழில்! மரபணுவை ஒரு பிரதி மட்டும் சுமப்பதுதான் ஹெட். இதிலும் ‘66 சதவீத ஹெட்’, ‘50 சதவீத ஹெட்’ என்று தரம் பிரித்தார்கள். கணக்கு சரிதான். இரண்டு ஹெட்டுகள் சேர்ந்து பெற்ற சாதாரணக் குஞ்சுகளில் மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கும். ஆனால் எந்தப் பாம்பும் எதையும் 66 சதவீதம் சுமப்பதில்லை. இருந்தால் இருக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. மிச்சம் 34 வாங்கியவர் தலையெழுத்து.

சோதித்துப் பார்க்கலாமே என்றால், பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிட மூன்று வருஷம் போல ஆகும். முட்டை பொரிய இரண்டு மாதம். அரை டஜன் முட்டையிலும் சாதாரணமே வந்தாலும் விற்றவர் அசர மாட்டார்: “இந்த வருஷம் அதிர்ஷ்டமில்லை, அடுத்த வருஷம் பாருங்கள்.” கணக்கு அதற்கும் இடம் கொடுக்கும்!

இவர்களையும் ஒரேயடியாகத் திட்டிவிட முடியாது. சில பனானா ஆண்களுக்குப் பெரும்பாலும் பனானா மகன்களாகவே பிறக்கிறார்கள், வேறு சிலருக்குப் பனானா மகள்களாகவே என்று கவனித்தவர்கள் பாம்பு வளர்த்தவர்கள்தான். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அப்பன்தான் முடிவுசெய்கிறது என்பதற்கு இது அடையாளம். ஆனால் பாம்புகளில் பெண்தான் இருவகைப் பாலினக் குரோமோசோம் கொண்டது என்று பாடப்புத்தகம் அதுவரை சாதித்துக்கொண்டிருந்தது. பந்து மலைப்பாம்பில் நம்மைப் போல ஆணுக்குத்தான் எக்ஸும் ஒய்யும் என்று 2017இல் ஆய்வாளர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

சோளப் பாம்பின் ரகசியம் 2015இல் ஜெனீவாவில் உடைந்தது. எங்கிருந்தோ தாவிவந்த டிஎன்ஏ துண்டு ஒன்று ஓசிஏ2 என்ற மரபணுவுக்குள் குடியேறி, அதன் வேலையைக் கெடுத்திருந்தது. பந்து மலைப்பாம்புக்குக் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகம் கை கொடுத்தது. வளர்ப்பவர்களிடம் பாம்புச் சட்டை கேட்டு வாங்கி ஆராய்ந்து, அல்பினோவுக்கு டிஒய்ஆர் மரபணுதான் காரணம் என்று 2022இல் வெளியிட்டார்கள். மனிதர்களிலும் அதே மரபணு கெட்டால் அதே கதைதான்.

இப்போது உரித்த சட்டையில் ஒரு துண்டை உறையிலிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், இந்த மாதிரிப் பல நிறங்களுக்கு ஹெட்டா இல்லையா என்று பதில் வந்துவிடுகிறது. பாம்பு குப்பையில் போட்டதைக் கொண்டே விற்றவரின் வாக்கைச் சோதித்தாயிற்று.

ஆனால் ஸ்பைடர் என்ற ரகத்துக்கு எந்த ஆய்வகமும் வேண்டாம். 1999இலிருந்து பெருக்கப்படும் இந்த அழகு ஒரு பிரதியிலேயே வெளியே தெரியும், கூடவே தலையாட்டமும். உட்காதின் சமநிலை உறுப்பே கோணலாக அமைந்திருப்பதை 2022இல் ஜெர்மன் ஆய்வாளர்கள் ஸ்கேன் எடுத்துக் காட்டினார்கள். வேண்டாம் வேண்டாம் என்று பாம்பே தலையை ஆட்டுகிறது. வாங்குகிறவர்கள் இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.