தடை தந்த வள்ளல்கள் வாழ்க!

கலைஞனைப் பாராட்டும் மேடைகளில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "எத்தனை அடி விழுந்தும் எழுந்து நின்றார். சோதனைதான் அவரைச் செதுக்கியது." கைதட்டல் கேட்கும், பொன்னாடை விழும். அந்த மேடைகளில் ஒரு நன்றி மட்டும் விட்டுப்போகிறது. சோதனைதான் கலைஞனைச் செதுக்கியது என்றால், சோதனையைத் தந்தவர்களும் சிற்பிகள்தானே? அவர்களுக்கு ஏன் ஒரு மாலை கூட இல்லை? சம்பளமும் ஓய்வூதியமும் இல்லாமல், சொந்தத் திறமையை நம்பிப் பிழைத்த கலைஞர்கள் நிறைந்த புதுக்கோட்டையிலிருந்து அந்தக் கடனைத் தீர்க்கிறோம்.

பாராட்டில் பொய் கலக்கக் கூடாது. அதியமானுக்காகத் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலங்கள் மாலையும் நெய்ப்பூச்சும் பெற்று மெருகு குலையாமல் இருப்பதைப் புகழ்ந்தார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. தொண்டைமான் என்னும் பெயர் தாங்கிய மன்னர்கள் 1948 வரை ஆண்ட ஊர் இது. இங்கும் உள்ளதை மட்டுமே சொல்வோம்.

முதல் வணக்கம் கச்சேரி மேடையின் காவலர்களுக்கு. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அரண்மனையில் விளக்குப் பிடிக்கும் வேலையில் இருந்தவர் என்பது செவிவழி வரலாறு. மாரியப்பத் தவில்காரரிடம் லயம் பயின்ற அவர், பஜனையில் தட்டப்பட்டுவந்த ஒரு சின்னக் கருவியைக் கச்சேரி வாத்தியமாக உயர்த்தினார். அதுதான் கஞ்சிரா. பலா மரச் சட்டமும் உடும்புத் தோலும் கொண்டு, ஒற்றைக் கையால் வாசிப்பது. அவரிடமிருந்து தட்சிணாமூர்த்தி பிள்ளை வந்தார், பழனி முத்தையா பிள்ளை வந்தார், முத்தையா பிள்ளையின் மகன் பழனி சுப்பிரமணிய பிள்ளை வந்தார். தஞ்சாவூர் பாணிக்கு எதிரே நிற்கப் புதுக்கோட்டை பாணி என்றே ஒன்று பிறந்தது.

இவ்வளவு பெரிய வரவை இசையுலகம் நிதானத்தோடு எதிர்கொண்டது. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு தாளவாத்தியக் கலைஞரை அடைந்தது 1966-இல், பாலக்காடு மணி ஐயரிடம். அதற்குள் தட்சிணாமூர்த்தி பிள்ளை மறைந்து 30 ஆண்டுகள் ஆகியிருந்தன, பழனி சுப்பிரமணிய பிள்ளை மறைந்து நான்கு ஆண்டுகள். பட்டம் கொடுத்து அந்த மேதைகளின் அடக்கத்தைக் கெடுக்காதவர்களை வணங்குகிறோம். பாடகருக்கு நடுவிடம், தாளக்காரருக்கு ஓரம் என்று இடம் வகுத்து, ஓரத்தில் உட்கார்ந்தே உலகை வெல்லும் வித்தையைக் கற்றுக்கொள்ளச் செய்தவர்களும் அவர்களே.

அதே மான்பூண்டியா பிள்ளையிடம் லயம் கற்க வந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இருபத்து நான்கு வயது வாக்கில் அந்த வேலையை உதறி நாடகத்துக்கு வந்தார். நடித்தார், எழுதினார், பயிற்றுவித்தார், 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். வாழ்வின் கடைசியில் பக்கவாதம் தாக்கிப் பேச்சையும் இழந்து 1922-இல் மறைந்தார். அவர் எழுதிய வள்ளி திருமணம் இன்றும் கிராமத்துக்குக் கிராமம் விடிய விடிய நடக்கிறது. நூறு ஆண்டுகளாக எத்தனை குடும்பங்கள் அந்த நாடகத்தால் பிழைத்திருக்கும்! எழுதியவருக்கு அதில் ஒரு காசு உரிமைத்தொகை கிடைக்க வழியில்லை. அவர் துறவிபோல் வாழ்ந்தவர் என்பதைத் தமிழ்நாடு சரியாகப் புரிந்துகொண்டு, அந்தத் துறவுக்கு இடையூறு செய்யாமல் நடந்துகொண்டது.

அடுத்த மாலை சிறுவர்களை வைத்து நாடகம் நடத்திய பாய்ஸ் கம்பெனி முதலாளிகளுக்கு. 1916-இல் புதுக்கோட்டையில் பிறந்த பி. யு. சின்னப்பா, சுவாமிகள் தொடங்கிய சபையில் சிறுவனாகச் சேர்ந்து, பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். மாதம் 15 ரூபாயில் தொடங்கிய சம்பளம், பையனின் குரலைக் கேட்டதும் 75 ஆனது என்பது அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் தரும் கணக்கு. பிறகு மகரக்கட்டு வந்தது, தொண்டை உடைந்தது. நேற்றுவரை ராஜபார்ட்டாக நின்ற பையனுக்குக் கம்பெனியில் இடமில்லாமல் போயிற்று.

பையனின் குரல் ஒருநாள் உடையும் என்பது வாத்தியாருக்குத் தெரியும், முதலாளிக்கும் தெரியும். தெரிந்தும் அந்த நாளுக்கென்று அவன் பெயரில் ஒரு ரூபாய் ஒதுக்கிவைத்து அவனைச் சோம்பேறியாக்கும் வழக்கம் அன்றைய கம்பெனிகளில் இருந்ததில்லை. விளைவைப் பாருங்கள். வெளியே வந்த சின்னப்பா கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றார். சிலம்பம் கற்றார், பளு தூக்கினார், உடம்பை இரும்பாக்கினார். கம்பெனி அவரை வைத்துக் காப்பாற்றியிருந்தால் இத்தனையும் கற்றிருப்பாரா என்று கேட்பார்கள். கம்பெனிகளின் புகழுக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

சினிமா உலகமும் தன் பங்கைக் குறைவில்லாமல் செய்தது. 1936-இல் சந்திரகாந்தா, தொடர்ந்து சில படங்கள், பிறகு வாய்ப்பில்லாத வெறுமை. பாடவும் நடிக்கவும் கத்தி சுழற்றவும் தெரிந்த ஒருவரை அந்தக் காலத்தில் யாரும் தொந்தரவு செய்யவில்லை. 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் உத்தமபுத்திரனில் இரட்டை வேடம் கொடுத்தார். படம் வென்றது. நேற்றுவரை ஒரு சின்னப்பாவுக்கே இடமில்லாத திரையில் இரண்டு சின்னப்பாக்கள் நின்றார்கள். ஆர்யமாலாவும் கண்ணகியும் வந்தன. 1944-இல் ஜகதலப்பிரதாபனில் ஒரே காட்சியில் பாடகரும் அவரே, பக்கவாத்தியக்காரர்களும் அவரே. 1949-இல் மங்கையர்க்கரசியில் மூன்று வேடம். ஒருவனே பலராக உழைத்தால்தான் பிழைப்பு நிலைக்கும் என்ற பாடத்தை அவருக்கு அந்த வெறுமை கற்பித்திருக்க வேண்டும்.

சம்பாதித்த பணத்தில் சின்னப்பா புதுக்கோட்டையில் வீடு வீடாக வாங்கினார். இதைப் பேராசை என்று பேசியவர்கள் உண்டு. ஒருமுறை குரல் உடைந்ததால் தெருவுக்கு வந்தவன், வாடகை வரும் சுவரைத் தவிர வேறு எதை நம்புவான்? தொழிலாளர் வைப்புநிதி அவனுக்கு உண்டா, பணிக்கொடை உண்டா? அவர் வாங்கிய வேகத்தைப் பார்த்து, இனி சின்னப்பாவுக்கு ஊரில் வீடு விற்கக் கூடாது என்று சமஸ்தானம் தடை போட்டதாக இன்றும் ஒரு கதை உலவுகிறது. கதை மெய்யோ பொய்யோ, அதை ஊர் சொல்லி மகிழ்கிறது. கலைஞன் வறுமையில் கிடந்தால் தியாகி என்று உருகும் நாம், அவன் நாலு வீடு வாங்கினால் கதை கட்டுகிறோம். அவனை எந்த நிலையிலும் மறக்காத பெருங்குணம் இது. 1951 செப்டம்பர் 23-இல், 35 வயதில், சின்னப்பா மறைந்தார்.

இனி இன்றைய வள்ளல்கள். ஸ்பெஷல் நாடகம் இந்தப் பக்கத்துக் கிராமங்களின் உயிர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி அழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. மேடையில் சந்தித்து, ஆர்மோனியமும் மிருதங்கமும் துணைவர, வள்ளியும் முருகனும் நாரதரும் விடியும்வரை தர்க்கம் செய்வார்கள். கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனக்குத் தானே கம்பெனி.

அவர்களை அழைக்கும் விழாக் கமிட்டிப் பெருமக்களைப் போற்றச் சொற்கள் போதாது. பந்தல்காரருக்குப் பணம் அன்றே போய்விடும். சீரியல் லைட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் பாக்கி வைப்பது ஊருக்குக் கௌரவக் குறைவு. நடிகர்களிடம் மட்டும் உரிமையோடு சொல்வார்கள்: "நம்ம ஊரு கோயில், கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்கண்ணே. அடுத்த வருஷமும் உங்களைத்தான் கூப்பிடுவோம்." பேசிய தொகையில் மீதி, விடிந்ததும் உண்டியல் கணக்கு முடிந்த பிறகு. உண்டியல் கணக்கு முடியாவிட்டால் ஒரு பொன்னாடை. இரவெல்லாம் வள்ளியாக நின்ற பெண், காலை முதல் பஸ்ஸில் அந்தப் பொன்னாடையை மடித்துப் பையில் வைக்கிறார். அவர் வீட்டில் இருக்கும் பொன்னாடைகளை யாராவது எண்ணினால் இந்த மாவட்டத்தின் தாராளம் வெளிப்படும்.

சட்டமும் கைகொடுக்கிறது. ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிவரைதான் அனுமதி, நாடகம் தொடங்குவதே அந்த நேரத்தில்தான். 2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கு வந்தது. அது பங்குனி மாதம், திருவிழாக்கள் சூடுபிடிக்கும் காலம். அடுத்த ஆண்டும் அதே பருவத்தில் கட்டுப்பாடுகள். சில மாத வருமானத்தில் ஆண்டு முழுதும் வாழ்கிறவர்களுக்கு இரண்டு பருவங்கள் போயின. வேறு தொழில் கற்க அவர்களுக்கு இவ்வளவு நீண்ட ஓய்வை வேறு யார் கொடுத்திருப்பார்கள்?

பார்வையாளர்களாகிய நமக்கும் இந்தப் பாராட்டில் இடம் உண்டு. சின்ன வீரமங்கலத்தில் ஒரு தாத்தாவும் பேரன்களும் வயலில் அடுப்பு மூட்டி, 2018-இல் யூடியூபில் வில்லேஜ் குக்கிங் சேனலைத் தொடங்கினார்கள். விவசாய வேலை இல்லாத மாதங்களுக்கு ஒரு வழி தேடியவர்கள். 2021-இல் அவர்களுடைய சந்தாதாரர்களின் எண்ணிக்கை 1 கோடியைத் தாண்டியது. அப்போதுதான் பலரும் அவர்களை "நம்ம புதுக்கோட்டைக்காரங்க" என்று கொண்டாடினோம். ஒரு கோடிப் பேர் ஒப்புக்கொள்ளும்வரை காத்திருந்து, அதன்பின் தயங்காமல் உறவு கொண்டாடும் பொறுமை நம்முடையது.

வள்ளல்களே, எழுந்தவர்களின் பெருமையில் உங்கள் பங்கை முழுவதுமாக எழுதிவைத்தாயிற்று. இனி மீதிக் கணக்கையும் ஏற்றுக்கொள்ளுங்கள். சின்னப்பாவோடு கம்பெனி வீட்டில் படுத்து எழுந்த பையன்கள் எத்தனையோ பேர். குரல் உடைந்து வெளியே போன அவர்கள் எல்லோரும் சங்கீதம் கற்கவில்லை, எல்லோரையும் தேடி டி. ஆர். சுந்தரம் வரவில்லை. அவர்கள் பெயர் எந்த நூலிலும் இல்லை. தடைதான் சின்னப்பாவை உருவாக்கியது என்றால், அந்தப் பெயரற்றவர்களை உருவாக்கியதும் அதே தடைதான். ஒருவரைக் காட்டிப் புகழ் வாங்குகிறவர்கள் மற்றவர்களையும் கணக்கில் காட்ட வேண்டும்.

விளக்குப் பிடித்தவர் கஞ்சிராவைக் கையில் எடுத்தது பசியால்தான் என்று யார் சொன்னது? கணக்கெழுதியவர் நாடகம் எழுதியது அடி வாங்கியதாலா? கைக்குள் ஒரு தாளம் இருந்தது, நெஞ்சுக்குள் ஒரு பாட்டு இருந்தது. வயிறு நிறைந்திருந்தாலும் அவை வெளியே வந்திருக்கும். இன்னும் சீக்கிரம் வந்திருக்கும்.

ஆகவே இந்தப் பெருந்தொண்டிலிருந்து நீங்கள் ஓய்வு பெறலாம். பேசிய தொகையை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பாதியை முன்பணமாகக் கொடுங்கள், மீதியை அரிதாரம் கலைக்குமுன் கொடுங்கள். மழை வந்து நாடகம் நின்றாலும் வந்த வழிச்செலவைக் கொடுங்கள். பந்தல்காரருக்குச் செய்யும் மரியாதையை வள்ளிக்கும் செய்யுங்கள். அதைச் செய்யும் நாளில் இந்தப் பாராட்டை மறுபடி படித்துப் பாருங்கள், வஞ்சம் எதுவும் மிஞ்சியிருக்காது.