பாக்கத்து இயைபு: தென்சென்னைப் புறநகரில் ஆங்கில ரைம் குறித்து ஓர் ஆய்வு

ஆங்கிலக் கவிதையில் அடிகளின் கடைசிச் சொற்கள் ஒலியால் ஒத்து வருவதை ரைம் என்கிறார்கள். நம் யாப்பு நூல்களும் இதை அறியும். இயைபு என்று பெயரிட்டு, மோனை, எதுகை, முரண், அளபெடை ஆகியவற்றோடு ஒரு வரிசையில் உட்கார வைத்துவிட்டு, பிறகு பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆங்கிலேயர் தலையில் வைத்துக் கொண்டாடியதை நம்மவர் ஏன் திண்ணையோடு நிறுத்தினார்கள்? இதற்கான விடை ஆக்ஸ்ஃபோர்டில் இல்லை, தாம்பரம் கிழக்கில் ஷேர் ஆட்டோ நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் தரவு. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கவுரிவாக்கம், மேடவாக்கம். சற்று விலகினால் மாடம்பாக்கம், சிட்லபாக்கம், கோவிலம்பாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம், ஒட்டியம்பாக்கம். ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே இறங்கினால் ஊரப்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட புதிய பேருந்து முனையத்துக்கு ஊர் முழுக்க இடம் தேடியவர்கள், கடைசியில் அதைக் கொண்டுபோய் வைத்ததும் கிளாம்பாக்கத்தில்தான். ஷேக்ஸ்பியர் ஒரு சானெட்டின் முடிவில் இரண்டே அடிகளை அடுத்தடுத்து ஒலி ஒக்க வைத்ததற்கு உலகம் நானூறு ஆண்டுகளாகக் கைதட்டுகிறது. மேடவாக்கம் ஷேர் ஆட்டோக்காரர் ஒரே சவாரியில் நான்கு வைக்கிறார். அவருக்குக் கிடைப்பது சில்லறைத் தகராறு மட்டுமே.

ரயில் பாதையும் இதற்குச் சான்று தரும். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அந்தப் பாதையில் கோடம்பாக்கத்தை அடுத்து வருவது நுங்கம்பாக்கம். ஆங்கிலேயர் கப்லெட் என்று போற்றும் ஈரடி இது. இதை இயற்றிய புலவர் எவரும் இல்லை. தண்டவாளம் போட்டார்கள், கவிதை தானே வந்து விழுந்தது.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. தமிழில் சொல்லின் வால் ஒத்து வருவது ஓசி. வந்தான், போனான், தின்றான், தூங்கினான் என்று ஒருவனின் சோம்பலை விவரித்தாலே நான்கடி இயைபு அமைந்துவிடும். விகுதியும் வேற்றுமை உருபும் எல்லாச் சொற்களின் பின்னாலும் ஒட்டிக்கொண்டு வருவதால், ஒத்து முடியாமல் எழுதுவதற்குத்தான் சிரமப்பட வேண்டும். மாநகராட்சிக்குக் குடிநீர் கேட்டு எழுதப்படும் மனுவைப் பாருங்கள்: தெரிவித்துக்கொள்கிறேன், கேட்டுக்கொள்கிறேன், எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன். முழு இயைபு. எந்த அதிகாரியும் அதைப் படித்து உருகியதாகச் சான்று இல்லை. சும்மா கிடைப்பதை நம் முன்னோர் மதிக்கவில்லை. சொல்லின் முன்பகுதி ஒத்து வருவதற்குத்தான் உழைக்க வேண்டும் என்பதால், முதல் எழுத்துக்கு மோனை, இரண்டாம் எழுத்துக்கு எதுகை என்று அங்கே பாத்தி கட்டினார்கள்.

ஆங்கிலேயரும் ஆதியில் நம்மைப்போல் மோனைக்காரர்கள்தான். பேவுல்ஃப் காவியம் சொல்லின் முதல் ஒலி ஒத்து வரும்படி பாடப்பட்டது. 1066இல் நார்மன் வில்லியம் கடல் தாண்டி வந்தபின், பிரெஞ்சுக்காரரின் வால் ஒப்புமை அங்கே பரவியது. அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலம் தன் பழைய விகுதிகளை ஒவ்வொன்றாக உதிர்த்துவிட்டது. வாலை இழந்த பிறகு வால் ஒப்புமைக்கு ஆசைப்பட்டதால் அங்கே ரைமுக்குக் கடும் தட்டுப்பாடு. ஆரஞ்சு என்ற பழத்துக்கு அம்மொழியில் ஒழுங்கான ஜோடி கிடையாது. மாதத்தைக் குறிக்கும் மந்த் என்ற சொல்லும் தனிக்கட்டை. லவ்வுக்கு டவ், க்ளவ், அபவ், ஷவ் என்று விரல் விட்டு எண்ணும்படி சில உறவினர்கள் உண்டு. ஆங்கிலக் காதலன் நூற்றாண்டுக் கணக்கில் புறாவையும் கையுறையையும் வானத்தையும் விட்டு நகராததற்குக் காரணம் அவன் மென்மை அன்று, இந்தப் பற்றாக்குறையே. குரோம்பேட்டை வெயிலில் கையுறை போடும் காதலன் எவனும் இல்லை. வெல்டிங் வேலை செய்பவனானால் விதிவிலக்கு.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம்: ஆங்கிலேயரிலேயே ரைமை வெறுத்தவர்கள் இல்லையா? உண்டு. 1602இல் தாமஸ் கேம்பியன் ரைம் வேண்டாம் என்று ஒரு நூலே எழுதினார். அடுத்த ஆண்டே சாமுவேல் டேனியல் அதற்கு மறுப்பு எழுதினார். 1667இல் மில்டன் தன் பெருங்காவியத்தை ரைம் இல்லாமல் வெளியிட, வாங்கியவர்கள் விழித்தார்கள். மறு ஆண்டு விற்பனைக்கு வந்த பிரதிகளில், ரைம் என்பது காட்டுமிராண்டிக் காலத்தின் கண்டுபிடிப்பு என்ற பொருள்பட ஒரு விளக்கத்தைச் சேர்த்தார். இந்தத் தடை நம் துணிபை அசைக்காது. கிடைக்காத பொருளைப் பற்றித்தான் இப்படிச் சண்டை வரும். தண்ணீர் லாரி வரும் தெருவில் குடியிருப்பவர்களுக்கு இது தெரியும்.

மில்டனின் இந்தக் கோபம் தாம்பரத்துக்கும் வந்து சேர்ந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் நகரத்து நெரிசலை விட்டுத் தாம்பரத்தின் 365 ஏக்கர் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. அன்று முதல் அங்கே ஆங்கில இலக்கிய மாணவர்கள் ரைமின் குறைகளைப் பகலில் படித்துவிட்டு, மாலையில் ரயிலேறிக் கோடம்பாக்கம் நுங்கம்பாக்கம் என்ற ஈரடியைக் கடந்து வீடு திரும்பினார்கள். அதே கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் தமிழ்த்துறைத் தலைவராக இருந்தவர் பரிதிமாற் கலைஞர். ஆங்கிலேயரின் பதினான்கடி சானெட்டைப் பார்த்து, தமிழில் தனிப்பாசுரம் என்று பாடியவர். 1903இல், முப்பத்து மூன்றாவது வயதிலேயே, இறந்துபோனார். அவர் இருந்து, கல்லூரியோடு தாம்பரத்துக்கும் வந்திருந்தால், பதினான்கு பாக்கங்களைக் கொண்டு ஒரு பாசுரத்தை ஒரே மாலையில் முடித்திருப்பார் என்று நான் நம்புகிறேன். ஆய்வுலகம் இதை ஏற்கத் தயங்கலாம்.

இனி, மலிந்துபோன இயைபு அன்றாட வாழ்வில் செய்யும் தீங்கு. சிட்லபாக்கம் ஒன்று, சித்தாலப்பாக்கம் மற்றொன்று. முன்னது தாம்பரம் சானடோரியத்துக்கும் குரோம்பேட்டைக்கும் பக்கம். பின்னது மேடவாக்கம் தாண்டி, பெரும்பாக்கத்துக்கு அருகே. இரண்டிலும் முதல் எழுத்து ஒன்று, ஆகவே மோனை. முடிவு ஒன்று, ஆகவே இயைபு. யாப்பு நூல்படி இது அழகு. புதிதாகக் குடிவந்தவருக்கோ இது அலைச்சல். களப்பணியில் கேட்ட உரையாடல் வருமாறு:

“அண்ணா, சித்லபாக்கம் போகுமா?”

“எதுக்கா, ஏரிக்கரைப் பக்கமா? மேடவாக்கம் தாண்டியா?”

“சித்லபாக்கம்ணா.”

“அதான்க்கா கேக்குறேன்.”

இங்கே அந்த அக்காவைக் காப்பாற்றக்கூடியது இரண்டாம் எழுத்து ஒன்றுதான். டகர மெய்யா, தகர மெய்யா என்று அழுத்திச் சொன்னால் ஊர் போய்ச் சேரலாம். எதுகை இல்லாமையே துணை. இதற்கு நேர்மாறானது மாடம்பாக்கமும் மேடவாக்கமும். இங்கே முதல் எழுத்துகள் நெடிலாக நிற்க, இரண்டாம் எழுத்து டகரமாக ஒத்து, குற்றமற்ற எதுகை அமைந்துவிட்டது. முதல் எழுத்தைச் சரியாக உச்சரிக்காதவர் மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலுக்குக் கிளம்பி மேடவாக்கம் மேம்பாலத்தடியில் நிற்பார். 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது செம்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் மூன்றையும் உள்ளே சேர்த்து, மேடவாக்கத்தையும் சித்தாலப்பாக்கத்தையும் வெளியே விட்டார்கள். நிர்வாகக் காரணம் என்றார்கள். யாப்புக் காரணமாகவும் இருக்கலாம்.

இப்பொருள் பற்றிப் பழைய நூற்பா கிடைக்காமையால் புதிதாக ஒன்று செய்யப்பட்டது:

வால்ஒன் றாயின் வழிகேட் டேறுக;
தலையும்ஒன் றாயின் தரைநடை நன்று.

என்பது என் நுதலிற்றோ எனின், ஷேர் ஆட்டோ ஏறுமாறு உணர்த்துதல் நுதலிற்று. வால் என்றது பாக்கத்தை. தரைநடை என்றது, ஏறியபின் ஐயம் தோன்றின் இறங்கி நடத்தலை.

எஞ்சியிருப்பது குழந்தைகள். புறநகரில் விருந்தாளி வந்து காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், “ஆன்ட்டிக்கு ஒரு ரைம்ஸ் சொல்லு கண்ணா” என்ற குரல் எழும். எல்.கே.ஜி. குழந்தை, 1806இல் லண்டனில் ஜேன் டெய்லர் வெளியிட்ட நட்சத்திரப் பாட்டைச் சொல்லத் தொடங்கும். கூர்ந்து கேட்டால் ஒன்று விளங்கும். அடியின் நடுப்பகுதி முணுமுணுப்பில் கரைந்துபோகும், கடைசிச் சொல் மட்டும் தெரு முனைக்குக் கேட்கும். மறந்துவிட்டால் அம்மா எடுத்துக் கொடுப்பதும் அந்தக் கடைசிச் சொல்லைத்தான். ரைமின் பயன் இதுவே: பொருள் தெரியாதவரையும் அது அடுத்த அடிக்குக் கைபிடித்து இழுத்துப் போகும். ஷேர் ஆட்டோவில் ஏமாற்றும் வால், எல்.கே.ஜி.யில் காப்பாற்றுகிறது.

ஆனால் ஓசை கேட்பதைப் பொருள் கொடுத்தாக வேண்டும். மழையைப் போய்விட்டு இன்னொரு நாள் வரச் சொல்லும் பாட்டு எல்லா நர்சரியிலும் உண்டு. இங்கிலாந்தில் விளையாட்டைக் குறிக்கும் சொல்லும் விலகிப் போவதைக் குறிக்கும் சொல்லும் ஒலியால் ஒத்துப்போனதால், மழை போயே தீர வேண்டியதாயிற்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டி, முடிச்சூருக்குள் படகு வந்தபோது அந்தப் பாட்டில் நியாயம் இருந்தது. பாக்கம் நெய்தல் நிலத்து ஊர் என்று இலக்கண நூல்கள் வகுத்ததும் அந்த வாரம் மெய்ப்பட்டது. அதே பாட்டை 2019இலும் மாற்றாமல் பாடினார்கள். செம்பரம்பாக்கம் ஏரி வறண்டது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் குடிநீரை ஏற்றிக்கொண்டு சென்னைக்கு வந்த முதல் ரயில் நின்ற இடம் வில்லிவாக்கம். இயைபு கெடவில்லை.