கல்யாணமும் செல்லும், அபராதமும் செல்லும்

பெறுநர்: மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம், சாஸ்திரி பவன், புது தில்லி.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய சந்தில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவன் நான். இது நன்றிக் கடிதம்.

அட்வான்ஸ் வாங்கும்போது பெண்ணுக்கு என்ன வயசு என்று கேட்டுவிடுவேன். சிலர் “பதினெட்டு நடக்குது” என்பார்கள். நடக்கிற பதினெட்டு என்றால் முடிந்தது பதினேழுதான் என்று தெரியாதா எனக்கு? ஆதார் ஜெராக்ஸ் கேட்டால், “அது ஊர்ல இருக்கு. நீங்க பாயசம் ரெண்டா ஒண்ணான்னு சொல்லுங்க.”

பயந்துபோய், தெரிந்த வக்கீலிடம் 2006-ஆம் வருஷக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தைப் படிக்கச் சொன்னேன். நடத்தி வைத்தவருக்கும் துணைபோனவருக்கும் இரண்டு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதமாம். ரசத்துக்குப் பெருங்காயம் கரைத்த நானும் துணைபோனவன்தானே? அப்புறம் 3-வது பிரிவைப் படித்தார். வயிற்றில் பால் வார்த்தீர்கள். கல்யாணம் செய்ததுதான் குற்றம், செய்த கல்யாணம் செல்லும்! திருடனுக்கு ஜெயில், நகை மட்டும் அவன் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும் என்பதுபோல என்ன ஒரு பெருந்தன்மை!

வேண்டாமென்றால் அந்தப் பெண்ணே 20 வயது முடிவதற்குள் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இடுப்பில் ஒரு குழந்தையோடுதான் போவாள். சிரமமில்லை, சாதா டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. 18-க்கு முன்பே போவதென்றால் காப்பாளரோ வேண்டியவரோ மனு போட வேண்டும். காப்பாளர் யார்? மண்டப வாசலில் சந்தனம் கொடுத்துக்கொண்டு நின்றாரே, அவர்தான்.

சட்டம் கடல் கடந்தும் வருமாம், இந்தியக் குடிமக்கள் எங்கே இருந்தாலும். துபாயில் தாலி கட்டினாலும் இதே சலுகை.

இங்கிலாந்துக்காரர்களுக்கு இந்தப் பக்குவம் போதாது. 1929 வரை அங்கே 12 வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கலாம். அந்த வருஷம் வயதை 16 ஆக்கி, அதற்குக் கீழே நடந்தால் அது கல்யாணமே இல்லை என்று முடித்துவிட்டார்கள். அதே 1929-இல் அவர்கள் ஆட்சியில் நமக்கு வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றது. மீறினால் தண்டனை, கல்யாணம் மட்டும் பத்திரம். வெள்ளைக்காரன் போய் எத்தனை காலமாச்சு, அந்த மரியாதையை நீங்கள் இன்னும் காப்பாற்றுகிறீர்கள். 2023 முதல் இங்கிலாந்தில் 18. பிள்ளையை விமானமேற்றி வெளிநாட்டில் முடித்துவைத்தாலும் விடுவதில்லை. இவ்வளவு ஏன், பக்கத்துக் கர்நாடகமே 2017-இல் ‘செல்லவே செல்லாது’ என்று திருத்திக்கொண்டது. அந்தப் பக்கம் நான் ஆர்டர் எடுப்பதில்லை.

எங்கள் பேட்டையில் வித்யா மந்திர் பள்ளி உருவாகக் காரணமான சகோதரி சுப்புலட்சுமிக்குக் கல்யாணம் 11 வயதில். சீக்கிரமே விதவை. 1911-இல் பி.ஏ. முடித்து, ஐஸ் ஹவுஸில் இளம் விதவைகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். நல்லவேளை, அவர் காலத்தில் 3-வது பிரிவு இல்லை. கோர்ட்டுக்கு அலைந்திருந்தால் பி.ஏ. ஏது?

கடைசியாக ஒரு விண்ணப்பம். சாரதா சட்டம் நிறைவேறி ஆறு மாசம் கழித்து, 1930 ஏப்ரல் 1-இல்தான் அமலுக்கு வந்தது. அதற்குள் அடித்துப் பிடித்து ஏகப்பட்ட கல்யாணம். பெண்ணுக்கு 21 என்று 2021-இல் நீங்கள் கொண்டுவந்த மசோதாவில் இரண்டு வருஷ அவகாசமே இருந்தது. பாவம், 2024-இல் மக்களவையோடு அதுவும் காலாவதி. மறுபடி கொண்டுவருவதானால் தேதியை முன்கூட்டியே தெரிவிக்கவும். அண்டா வாடகைக்குச் சொல்ல வேண்டும், பரிமாற ஆள் பிடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர்,
மயிலாப்பூர், சென்னை – 4.